படம் பார்க்கத் தேவையானவை

என் எழுத்தை முழுதாக வாசித்த ஒரேயொரு வாசகிதான் இதுவரை கிடைத்திருக்கிறார். அவர் என் மாமியார் யோசப்பின். குருநகரில் இருக்கிறார். அவர் வாசித்தது கதையோ கட்டுரையோ அல்ல, ஓர் இணையப் பக்கம். அதற்கு நான் வைத்த தலைப்பு, 'படத்தொகுப்பைப் பார்வையிடுவதற்கான தொழில்நுட்பத் தேவைகள்.'

நான் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவன். கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் இருந்து மற்றவர்களுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறேன். என் சிநேகிதன் பார்த்தீபனின் ஸ்ரூடியோவுக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். கலியாணப் படங்களை அவன் அதில் ஏற்றுவான். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், ஆயிரத்துச் சொச்சம் படங்களுக்குள் அல்பத்துக்கு எண்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். தெரிந்தெடுக்கும்வரை ஒவ்வொரு படத்துக்கும் குறுக்கே ஸ்ரூடியோவின் பெயர் கிடக்கும். தெரிந்தெடுத்த படத்தில் பெயர் மறைந்துவிடும். எண்பதும் முடிந்தால் தொகுப்பு மூடப்படும்.

இந்தத் தெரிவை எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு அல்பம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் தள்ளிப்போட்டோம். தளத்தைச் செய்தவனே வீட்டில் இருக்கிறான், என்ன அவசரம் என்று நான்தான் சொன்னேன். போன மாரியில் என் மனைவி நிரோஜினி டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள்.

இதை நான் மிகவும் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று உறவினர் குறைப்படுகிறார்கள். நீட்டிச் சொல்லியும் பார்த்தேன். நீளவில்லை.

தேவைகள் பக்கம் அதற்கு முன்பே எழுதியது. படம் வரவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று வெளிநாட்டில் இருந்தெல்லாம் பார்த்தீபனுக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க ஆறு விதிகள் எழுதினேன். பெரிய திரை, புதிய உலாவி, நல்ல இணைப்பு என்று போகும். படித்தவன் எழுதியது போல இருக்க வேண்டும் என்று பார்த்தீபன் கேட்டதால், 'உலாவியின் பதிப்பு அண்மையதாக இருத்தல் வேண்டும்' என்ற நடையில் எழுதினேன். ஒருவரும் வாசிக்கவில்லை. பார்த்தீபனும் வாசிக்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாமி தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, சாப்பிட்டியளே?”

“ஓம் மாமி,” என்றேன். அது பொய்.

“நிரோவின்ரை ஆண்டுப் பூசை வருதெல்லே. சனத்துக்குக் குடுக்கிற அட்டை அடிக்கவேணும். எமில் அடையாள அட்டையிலை இருக்கிற படத்தைக் குடுப்பமெண்டுறான்.”

எமில்ராஜ் நிரோவின் தம்பி. அவன் சொன்ன அட்டையில் ஒரு பக்கம் இறந்தவரின் படம் இருக்கும், மறுபக்கம் அவருக்கு நித்திய இளைப்பாற்றி கேட்கும் செபம் இருக்கும். பூசை முடிந்து கோயில் வாசலில் கொடுப்பார்கள். அடையாள அட்டைப் படத்துக்கு இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. அரசாங்க விதி. நிரோ அதை முழு மனதோடு கடைப்பிடித்திருந்தாள்.

“உந்தப் படத்தைப் போட்டால் வாற சனம் பயந்துபோம். என்ரை பிள்ளை ஒருநாளும் உப்பிடி முறைச்சுக்கொண்டு இருந்ததில்லை.”

இருந்திருக்கிறாள். பெரும்பாலும் என்னைப் பார்த்து.

“கலியாணப் படத்திலை சிரிச்சுக்கொண்டு இருக்கிறது ஒண்டு பாத்து அனுப்புங்கோ தம்பி.”

பார்த்து அனுப்ப வேண்டுமென்றால் நான் பார்க்க வேண்டும். ஒரு வருடமாக அந்தத் தொகுப்பை நான் திறக்கவில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்ற பயம் ஒன்று. ஒன்றுமே நடக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மற்றது.

“நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ மாமி, நான் எடுத்துத் தாறன்,” என்றேன். “ஆனால் அது போனிலை திறக்காது.”

“ஏன் திறக்காது?”

“அதுக்குத் தொழில்நுட்பத் தேவைகள் இருக்கு.”

“அப்பிடியே? அது என்னவெண்டு அனுப்பிவிடுங்கோ.”

பக்கத்தின் இணைப்பை அனுப்பினேன். மாமாவுக்குக் கடற்றொழில். வீட்டில் கணினி கிடையாது. முதலாவது விதியோடு கதை முடிந்துவிடும் என்று நம்பினேன். என் எழுத்தின் பலத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இரண்டொரு நாளில் மாமி மறுபடி அழைப்பு எடுத்தார். “பெரிய திரை சரி தம்பி. மீன்பிடிச் சங்கத்து லப்ரொப்பை மாமா கேட்டு எடுத்துக்கொண்டு வந்திட்டார். எமில் அதை ரீவியிலை பூட்டுறானாம். அந்த உலாவியையும் புதுசாக்கிப்போட்டான். பக்கத்து வீட்டு றீற்றா தன்ரை வைபையைத் தாறனெண்டவ.”

“நல்லது மாமி,” என்று சொல்லி வைத்துவிட்டு, தளத்துக்குள் போய் ஏழாவது விதியைச் சேர்த்து, மாமிக்கும் அறிவித்தேன். 'தெரிவின்போது மின்தடை ஏற்படாதிருத்தல் அவசியம்.' மாரி காலத்தில் குருநகரில் மின்சாரம் எத்தனை தடவை போகும் என்று எனக்குத் தெரியும்.

“மாமா படகின்ரை பற்றறியைக் கழட்டிக்கொண்டு வந்திட்டார்,” என்று பதில் வந்தது. “கடலுக்குப் போகவேண்டாமெண்டு அறிவிச்சிருக்கு, அது சும்மாதானே கிடக்குதெண்டார்.”

எட்டாவது விதிக்குக் கொஞ்சம் யோசித்தேன். 'திரையின் நிறங்கள் முறையாக அளவீடு செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.' இதை எப்படிச் செய்வதென்று எனக்கே சரியாகத் தெரியாது. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. நான் கண்ணால் கண்டதில்லை.

“நிறம் பாத்தாச்சு தம்பி. சாமி மேசையிலை இருக்கிற மாதா படத்தைப் போனிலை எடுத்து ரீவியிலை விட்டு, படத்தை இறக்கிப் பக்கத்திலை பிடிச்சு, சீலையின்ரை நீலத்துக்கு நீலம் ஒத்துப் பாத்தம். முதல் கொஞ்சம் பச்சையடிச்சது. எமில் திருத்திப்போட்டான்.”

ஒன்பதாவது: 'திரையில் சூரிய ஒளி படலாகாது.' அதை எழுதிய மறுநாளே வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வந்தது. ஒரு கிழமைக்குச் சூரியனே இல்லை. வானமும் மாமியின் பக்கம் சேர்ந்துவிட்டது.

பத்தாவதை எழுதும்போது நான் களைத்துப் போயிருந்தேன். 'பார்வையிடுவோர் திரையிலிருந்து ஆறடி தள்ளி அமர்ந்திருத்தல் வேண்டும்.'

மாமிக்கு முந்திப் பார்த்தீபன் எடுத்தான்.

“மச்சான், உனக்கென்ன விசரே? கனடாவிலையிருந்து ஒரு மனிசி எடுத்து என்னைக் கிழிக்குது. கலியாணப் படம் பாக்க ஆறடி தள்ளியிருக்கவேணுமாம். கொரோனா திரும்ப வந்திட்டுதோ எண்டு கேக்குது.”

“அது ஒரு பரிசோதனை.”

“ஆரையடா பரிசோதிக்கிறாய்? நிறத்தை அளக்கட்டாம், அறையை இருட்டாக்கட்டாம். கலியாணப் படமோ, எக்ஸ்றேயோ?”

“மாமி படம் கேக்கிறா,” என்றேன்.

“குடன்ரா,” என்றான் அவன்.

“குடுக்கலாம்.”

“நான் எடுத்துக் குடுக்கட்டே? எனக்கு எது எங்கை கிடக்குதெண்டு தெரியும்.”

“வேண்டாம்.”

“நீயும் பாக்கமாட்டாய், மற்றவனையும் பாக்க விடமாட்டாய். வைக்கல் பட்டடை நாய் மாதிரி.” அவன் பெருமூச்சு விட்டான். “அந்த ஆறடியை மட்டுமெண்டாலும் எடுத்துவிடு. மனிசி திரும்ப எடுக்கப்போகுது.”

ஆறடியை எடுத்தேன். நாய் என்றதும் சரிதான். எண்பது படமும் தெரிந்தெடுத்து முடித்தால் தொகுப்பு மூடப்படும். அதைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை, மூடவும் மனமில்லை. வைக்கோலுக்கு மேலே படுத்திருப்பது ஒரு தொழில் என்றால் அதில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது.

அன்று பின்னேரம் மாமி எடுத்தார். “எல்லாம் சரி தம்பி. ஞாயிற்றுக்கிழமை வாங்கோ.”

நிரோவின் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஆண்டுப் பூசைக்கு வருவதாகவும் இதுவரை சொல்லவில்லை. கடைசியில் கடவுச்சொல்லையே கொடுத்துத் தப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“நான் வரத் தேவையில்லை மாமி. கடவுச்சொல்லைச் சொல்லிவிடுறன், நீங்களே பாத்து எடுங்கோ.”

“அஞ்சாவதை நீங்கள் வாசிக்கேல்லையே?”

எழுதியவனிடம் கேட்கிறார். அழைப்பில் இருந்தபடியே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'தெரிவை மணமக்கள் இருவரும் உடனிருந்தே செய்தல் வேண்டும்.' இதில் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஒரு மாப்பிள்ளை தனியே இருந்து தன் சிநேகிதர்களின் படமாகவே எண்பதையும் தெரிந்தெடுத்துவிட, பொம்பிளை வீட்டார் ஸ்ரூடியோவுக்கு வந்து சண்டை பிடித்தார்கள். அதன் பிறகு சேர்த்த விதி அது.

“ரெண்டு பேரும் இருக்கவேணுமெண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள்,” என்றார் மாமி. “ஒராளாலை வரேலாது. நீங்களாவது வாங்கோ.”

பதிலுக்குப் புதிதாக ஒரு விதி யோசித்தேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். மாமி வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். அவரும் என்னைப் பார்த்து அதையே நினைத்திருப்பார்.

முன்னறை ஒரு கப்பலின் இயந்திர அறை போல இருந்தது. ஜன்னலுக்குக் குறுக்கே, வெளிச்சம் வராமல், மாமா படகு மூடும் படங்கு கட்டியிருந்தார். தொலைக்காட்சிக்குக் கீழே படகின் பற்றறி. அதிலிருந்து வயர் ஓடி ஒரு பெட்டிக்குள் போய், அங்கிருந்து மடிகணினிக்கு வந்தது. சுவரோடு நாலு கதிரைகள் வரிசையாகக் கிடந்தன.

“அந்த ஆறடியை நான் எடுத்திட்டன் மாமி.”

“இருக்கட்டும். அளந்து போட்டாச்சு.”

மாமா கிறகோரி பற்றறிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். வாழ்நாள் முழுவதும் கடலில் கிடந்தவர், கரையில் இரண்டு கிழமையாகச் சும்மா இருந்ததில் யாரிடமாவது வேலை வாங்கவோ வேலை செய்யவோ துடித்துக்கொண்டிருந்தார். “இது நாலு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். காணுமே?” என்று கேட்டார். போதும் என்றேன்.

மாமி கதிரையில் இருந்து சீலையைச் சரிசெய்துகொண்டார். “நீங்கள் கேட்டதெல்லாம் செய்தாச்சு தம்பி. இனி ஏதும் இருக்கே?”

நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டார். இருந்தால் அதையும் செய்திருப்பார்.

“இல்லை மாமி,” என்றேன்.

கடவுச்சொல்லை அடிக்கப் போகும்போது எமில் சொன்னான்: “அத்தான், நேரை இருநூறுக்குப் போங்கோ. அதுக்கு முன்னாலை எல்லாம் தோழிப்பிள்ளையளின்ரை கொண்டைதான்.”

“உமக்கெப்பிடித் தெரியும்?”

அவன் தன் தொலைபேசியைக் காட்டினான். கண்ணாடி வெடித்த பழைய தொலைபேசி. பெரிய திரை இல்லை, புதிய உலாவி இல்லை, அளவீடு செய்த நிறம் இல்லை. அதில் எங்கள் கலியாணப் படங்கள் வரிசையாகத் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஸ்ரூடியோவின் பெயர்.

“விருந்தாளியள் பாக்கிற வழி ஒண்டு இருக்கெல்லே,” என்றான். “கலியாணம் முடிஞ்ச கையோடை எல்லாருக்கும் வைபரிலை வந்தது.”

இருந்தது. தளத்துக்கு இரண்டு வாசல். தெரிவு செய்ய மணமக்களுக்கு ஒன்று, சும்மா பார்க்க விருந்தினருக்கு ஒன்று. இரண்டாவது வாசலையும் நான்தான் கட்டினேன். எந்தத் தொலைபேசியிலும் திறக்க வேண்டுமென்று ஒரு மாதம் மினக்கெட்டேன். திறந்தபோது நிரோ தேத்தண்ணி போட்டுத் தந்து, பெரிய விஞ்ஞானிதான் என்றாள். முன்வாசலில் பத்து விதி எழுதிக்கொண்டு நின்றவனுக்குத் தான் கட்டிய பின்வாசல் ஞாபகத்தில் இல்லை.

“அப்ப நீங்கள் எல்லாம் பாத்திட்டியளே?”

“எல்லாம் பாத்தாச்சு தம்பி,” என்றார் மாமி. “ஆனால் எல்லாத்திலையும் அந்தப் பேர் அவளின்ரை முகத்துக்கு மேலை கிடக்குது. அதை எடுக்க உங்களாலைதானே ஏலும்.”

“அப்ப இதெல்லாம் என்னத்துக்கு மாமி?” பற்றறியையும் படங்கையும் காட்டினேன்.

“நீங்கள் கேட்டியள், செய்தம். செய்யாட்டி வந்திருப்பியளே?”

கடவுச்சொல்லை அடித்தேன். திறந்தது.

தயாராகத்தான் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நிரோ கூறைச் சீலையோடு காரிலிருந்து இறங்குகிறாள். சிறிய படங்கள் ஒழுங்கு மாறி வருகின்றனவே, அதைத் திருத்த வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவள் முக்காட்டைச் சரிசெய்கிறாள். இந்தப் படம் இவ்வளவு மெதுவாக வரக் கூடாதே என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகம் என்னை நன்றாகத்தான் தயாரித்திருக்கிறது.

பிறகு என் படங்கள் வந்தன.

“உது ஆற்றை கோட் அத்தான்?” என்று கேட்டான் எமில்.

“என்ரை.”

“உங்களின்ரையே? உள்ளுக்கை இன்னொராள் இருக்கலாம் போலை கிடக்குது.”

“சும்மா இரடா,” என்ற மாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த படத்தில் நான் பழைய கோட்டையின் மதிலில் ஒரு முழங்காலை ஊன்றி, கையில் பூவோடு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரோ இருந்தது மற்றப் பக்கம். பார்த்தீபன் அப்படி நிற்கச் சொன்னான். ஏனென்று நான் கேட்கவில்லை.

“உவர் என்ன, கடலுக்கே பூக் குடுக்கிறார்?” என்றார் மாமா.

“நில்லுங்கோ,” என்றார் மாமி. “இதுக்கு அடுத்தது. அதுதான்.”

கோயில் படிகள். பூசை முடிந்து வெளியே வருகிறோம். எங்கள் மீது சனம் பூவிதழ்களை வீசியிருக்கிறது. ஓர் இதழ் என் வாய்க்குள் போய்விட்டது. நான் வாயைப் பிளந்து, கண் பிதுங்க இருமிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் நிரோ என்னைப் பார்த்து, தலையைச் சரித்து, ஒரு கையால் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவளுடைய வாயின் மேல் ஸ்ரூடியோவின் பெயர்.

அதன் மேல் அழுத்தினேன். பெயர் போய்விட்டது.

மாமா எழும்பிப் போய், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பற்றறியைத் தொட்டுப் பார்த்தார். மாமி கதிரையை விட்டு எழுந்து, ஆறடியையும் தாண்டி, திரைக்குக் கிட்டப் போய் நின்றார். அந்தச் சிரிப்பின் சத்தம் எப்படி இருக்கும் என்று நான் யோசித்தேன். அது ஞாபகம் வந்தது. அதோடு என் இருமலும் சேர்ந்து வந்தது.

“இதை இப்பிடியே குடுப்பம் மாமி,” என்றேன்.

“இப்பிடியே எண்டால்?”

“ரெண்டு பேரும் இருக்கிற மாதிரி.”

மாமி திரும்பினார். “உங்களுக்கு விசரே தம்பி? உயிரோடை இருக்கிற ஆளின்ரை படத்தை ஆண்டு அட்டையிலை போடுறதே?”

“போட்டால் என்ன?”

“சனம் உங்களுக்கும் சேர்த்தெல்லே நித்திய இளைப்பாற்றி கேக்கும்!”

“கேக்கட்டுமன்.”

இதைப் பகிடியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். மாமி அப்படி எடுக்கவில்லை. அவருடைய முகம் மாறிவிட்டது. இவ்வளவு நாளும் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் ஓம் என்றவர், விரலை நீட்டினார்.

“வெட்டுங்கோ.”

“மாமி, அதைப் பார்த்தீபன்…”

“அவன் வேண்டாம். நீங்கள் வெட்டுங்கோ. இப்ப. என்ரை கண்ணுக்கு முன்னாலை.” திரையில் என் முகத்தைத் தொட்டுக் காட்டினார். “ஒண்டைக் குடுத்தது எனக்குக் காணும்.”

எந்த அட்டைக்கும் தேவைகள் இருக்கும். இந்த அட்டைக்கு இருந்தது ஒன்றே ஒன்று: 'இறந்திருத்தல் வேண்டும்.' அந்தத் தகுதி என்னிடம் இல்லை.

வெட்டத் தொடங்கினேன். எமில் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். மாமா பின்னால் வந்து நின்றார். வலையை இழுக்கும்போது கரையில் நிற்பவர்கள் போல எல்லோரும் சொல்லத் தொடங்கினார்கள்.

“இன்னும் கொஞ்சம் உள்ளுக்கை.”

“உம்மடை காது தெரியுது.”

“அத்தான், கோட்டின்ரை தோள். அது பாதிப் படத்துக்கு நிக்குது.”

“மெல்ல, மெல்ல. பிள்ளையின்ரை கையை வெட்டிப்போடாதேங்கோ.”

முதலில் என் காது போனது. பிறகு பிளந்த வாய், பிறகு தோள். அவளுடைய கை பிடித்திருந்த துணியில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. அது என்ன துணி என்று யாருக்கும் தெரியாது என்றார் மாமா. மாமி கிட்ட வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சேமித்தேன்.

திரையில் நிரோ தனியே நின்றாள். தலையைச் சரித்து, படத்தின் ஓரத்துக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா ஆரைப் பாத்துச் சிரிக்கிறா எண்டு சனம் கேக்கப்போகுது,” என்றான் எமில்.

“கேட்டால் உவரைக் காட்டுவம்,” என்றார் மாமா. “கோயிலிலை முன் வாங்கிலைதானே இருக்கப்போறார்.”

மாமி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பூசை எத்தினை மணிக்கு மாமி?”

“விடிய ஆறரைக்கு. மழையெண்டு சாட்டுச் சொல்லாதேங்கோ.”

“வாறன்.”

“கோட் போடாமல் வாங்கோ அத்தான்,” என்றான் எமில்.